டீம் நம்பிக்கை: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

சாயங்கால நேரத்தில் எங்கள் ஊர் மைதானத்தில் பள்ளி, கல்லூரிப் பெண்களுக்கு வாலிபால் பயிற்சி கொடுக்கிறேன். சர்வீஸ் எப்படிப் போடுவது, பிளாக்குக்கு (எதிரணி அடிப்பதை நெட்டில் தடுக்க) எப்போது எழும்புவது என்று கேட்கிறவர்கள் குறைவு. "இந்த டீமுக்கு ஏன் சார் நம்பிக்கையே வரமாட்டேங்குது?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். பெற்றோர் கேட்கிறார்கள், பக்கத்துப் பள்ளி பி.டி. ஆசிரியர்கள் கேட்கிறார்கள், ஆடுகிற பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதிவைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

1. "தன்னம்பிக்கைன்னா தெரியும் சார். டீம் நம்பிக்கைன்னு தனியா ஒண்ணு இருக்கா என்ன?"

இருக்கிறது. "இந்த சர்வீஸை என்னால் எடுக்க முடியும்" என்பது தன்னம்பிக்கை. "நான் எடுத்துக் கொடுத்தால் செட்டர் ஒழுங்காகத் தூக்குவாள், அவள் தூக்குகிற இடத்தில் அடிக்க ஒருத்தி நிற்பாள்" என்பது டீம் நம்பிக்கை. ஆறு பேரும் அவரவர் ஆட்டத்தில் கெட்டியாக இருந்துகொண்டே பக்கத்தில் நிற்கிறவளை நம்பாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட டீமைக் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு பேருக்கு நடுவில் வருகிற பந்துக்கு இருவரும் மோதிக்கொள்வார்கள், இல்லையென்றால் இருவரும் விட்டுவிடுவார்கள்.

இதை முறையாக ஆராய்ந்தவர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவில் பிறந்து அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த உளவியலாளர். 1977இல் தனிமனிதர் தன் திறமைமேல் வைக்கும் நம்பிக்கையைப் பற்றி எழுதினார், பிற்பாடு அதைக் குழுக்களுக்கும் விரித்தார். அவர் சொன்னதில் நான் பிடித்துக்கொண்டது ஒன்று: இந்த நம்பிக்கை எப்போதும் ஒரு குறிப்பிட்ட வேலையைப் பற்றியது. "நாங்க கெத்து" என்பது இதில் சேராது. "அவர்களுடைய ஜம்ப் சர்வீஸை நாம் சேர்ந்து எடுத்துவிடுவோம்" என்பது சேரும்.

2. "எங்க பசங்க எல்லாரும் உயிர் நண்பர்கள். ஒண்ணாத்தான் சாப்பிடுறாங்க, ஒண்ணாத்தான் திரியுறாங்க. அது போதாதா?"

போதாது என்றுதான் சொல்வேன். ஆல்பர்ட் கேரன் என்ற கனடா ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1985இல் அணி ஒற்றுமையை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதில் ஒற்றுமையை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, ஆட்களாகப் பிடித்துப்போய் ஒட்டிக்கொள்வது. இன்னொன்று, செய்ய வேண்டிய வேலையில் ஒன்றுபடுவது. இரண்டும் நல்லவைதான், ஆனால் ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடாது.

என்னிடம் ஒரு செட்டரும் ஒரு அட்டாக்கரும் ஆடினார்கள். மைதானத்துக்கு வெளியே ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. கோட்டுக்குள் வந்துவிட்டால் இவள் தூக்குகிற பந்து அவள் கைக்குத் தானாகப் போகும். அதற்கு அடுத்த வருட டீம் நேர் எதிர். ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஆனால் "நீ லேட்டா வர்றே" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்ல மாட்டாள், முகம் வாடிவிடுமாம். எந்த வருடம் மாவட்டப் போட்டியில் அரையிறுதிக்குப் போனோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3. "நம்பிக்கை இருந்தா ஜெயிக்கலாமா, ஜெயிச்சாத்தான் நம்பிக்கை வருமா?"

கோழியா முட்டையா கதைதான். இரண்டு பக்கமும் ஓடுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஐஸ் ஹாக்கி அணிகளை வைத்து டெபோரா ஃபெல்ட்ஸ், கேத்தி லிர்க் இருவரும் செய்த ஆய்வு 1998இல் வெளிவந்தது. ஒரு சீசன் முழுக்க ஆட்டத்துக்கு முன்னால் வீரர்களிடம் அவர்கள்மேலும் அணிமேலும் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டார்கள். ஜெயித்த பிறகு அணிமேல் உள்ள நம்பிக்கை ஏறியது, தோற்ற பிறகு இறங்கியது. தன்மேல் உள்ள நம்பிக்கை அந்த அளவுக்கு ஆடவில்லை. அடுத்த ஆட்டம் எப்படிப் போகும் என்பதையும் தனி நம்பிக்கையைவிட அணி நம்பிக்கைதான் சரியாகக் காட்டியது.

இதிலிருந்து எனக்குப் புரிவது என்னவென்றால், தோற்றால் நாம் பெரும்பாலும் நம்மைச் சந்தேகப்படுவதில்லை, பக்கத்தில் நிற்கிறவரைச் சந்தேகப்படுகிறோம். தோற்றுவிட்டு வேனில் திரும்பும்போது நடக்கிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் தெரியும்.

4. "அப்போ இதுவரைக்கும் ஜெயிக்காத டீமுக்கு நம்பிக்கை எங்கேருந்து சார் வரும்?"

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் என்றார் பண்டூரா. தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடம்பும் மனமும் அந்த நேரத்தில் இருக்கும் நிலை. இவற்றில் முதலாவதுக்குத்தான் பலம் அதிகம்.

1983 உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், 1975இல் கிழக்கு ஆப்பிரிக்காவை. அந்த இரண்டு கோப்பைகளையும் தூக்கியது வெஸ்ட் இண்டீஸ். அப்படிப்பட்ட அணியைக் கபில் தேவின் ஆட்கள் இறுதி ஆட்டத்தில் 183 ரன்னை வைத்துக்கொண்டு 140க்குச் சுருட்டினார்கள். (நம்ம ஸ்ரீகாந்த் அடித்த 38தான் இரண்டு அணியிலும் சேர்த்து அன்றைக்கு அதிகபட்ச ரன்.) அதிசயம் என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். மார்ச் மாதம் கயானாவில் பெர்பிஸ் என்ற இடத்தில் ஒருநாள் ஆட்டம். இந்தியா 282 எடுத்து, வெஸ்ட் இண்டீஸை அவர்கள் மண்ணிலேயே 27 ரன்னில் தோற்கடித்தது. அப்புறம் உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலும் அதே அணியை 34 ரன்னில் தோற்கடித்தது. லார்ட்ஸ் மைதானத்தில் இறங்கியபோது "இவர்களை ஜெயித்திருக்கிறோம்" என்ற நினைவு அந்தப் பதினோரு பேருக்கும் கைவசம் இருந்தது.

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கால்பந்து அணி 2016இல் பிரீமியர் லீக் கோப்பையை வென்றபோதும் இதே கதை. சீசன் தொடங்கும்போது 5000க்கு 1 என்று பந்தயம் வைத்தார்கள், அதாவது ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று. முந்தைய சீசனில் பல மாதம் கடைசி இடத்தில் கிடந்த அணி, கடைசி ஒன்பது ஆட்டங்களில் ஏழை ஜெயித்து, கீழ் லீகுக்கு இறக்கப்படாமல் தப்பித்தது. வெளியே இருந்தவர்களுக்கு அது தப்பித்த கதை. உள்ளே இருந்தவர்களுக்கு, சேர்ந்து செய்துகாட்டிய வேலை.

நம்மூர் அளவுக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? ஜெயம் என்பதைச் சின்னதாக்குங்கள். நான் வெளியூர் டீமிடம் தோற்ற ஆட்டத்தில்கூட ஒரு இலக்கு வைப்பேன்: "இந்த செட்டில் அவர்கள் சர்வீஸில் நேரடியாக மூன்று பாயிண்டுக்கு மேல் விடக்கூடாது." செட் 25-16 என்று போனாலும் அந்த மூன்றைக் காப்பாற்றியிருந்தால் பிள்ளைகள் அதைக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்.

5. "மேட்சுக்கு முன்னாடி நல்லா நரம்பு புடைக்கிற மாதிரி ஒரு ஸ்பீச் கொடுங்க சார், போதும்."

முதல் இரண்டு பாயிண்ட் வரைக்கும் தாங்கும். ஊக்கச் சொல் நான்கு ஊற்றுகளில் ஒன்றுதான் (4ஆம் கேள்வி), ஆனால் அனுபவம் பின்னால் நிற்காவிட்டால் அது நிலைக்காது. நானும் ஆரம்பத்தில் தொண்டை கிழியப் பேசியவன்தான். ஒருமுறை பேச்சு முடிந்ததும் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "சார், ரொட்டேஷன்ல நான் எங்க நிக்கணும்?"

6. "ஒவ்வொரு பாயிண்டுக்கும் கூடிக் கத்துறது, கைதட்டிக்கிறது, இதெல்லாம் சீன் போடுறதுதானே?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கேத்ரீன் ஃபிரான்சன் என்பவர் வாலிபால் ஆட்டக்காரர்களிடமும் பயிற்சியாளர்களிடமும் கேட்டு ஆராய்ந்தார். எதையெல்லாம் பார்த்தால் டீம்மேல் நம்பிக்கை வருகிறது என்பது கேள்வி. பாயிண்ட் எடுத்ததும் உற்சாகமாகக் கொண்டாடுவது முன்வரிசையில் நின்றது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் 2008-09 சீசனை வைத்து இன்னொரு ஆய்வு நடந்தது. சீசன் தொடக்கத்தில் ஒருவரையொருவர் தட்டிக்கொடுப்பது, முட்டிக்கொள்வது, அணைப்பது அதிகமாக இருந்த அணிகள் பின்னால் நன்றாக ஆடின.

கால்பந்து பெனால்டி ஷூட் அவுட்டிலும் பார்த்திருக்கிறார்கள். கோல் போட்டதும் இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் கொண்டாடிய வீரர்களின் அணிகள் அதிகம் ஜெயித்தன, அடுத்து உதைக்க வந்த எதிரணிக்காரர் தவறவிடுவதும் கூடியது. ஏற்கெனவே நம்பிக்கையாக இருப்பவர்கள்தானே அதிகம் கொண்டாடுவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 3ஆம் கேள்வியில் சொன்ன கோழி முட்டை இங்கேயும் உண்டு.

ஒன்று மட்டும் அனுபவத்தில் சொல்வேன். பாயிண்ட் எடுத்தபோது கூடுவதைவிட, பாயிண்ட் விட்டபோது கூடுவதில்தான் விஷயம் இருக்கிறது. தப்பு செய்தவளை மற்ற ஐந்து பேரும் பார்க்காமல் திரும்பி நிற்கிற டீமை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

7. "எல்லாம் கேப்டன் கையிலதான இருக்கு? எங்க கேப்டன் வாயே திறக்க மாட்டா."

அதே ஃபிரான்சன் குழு 2014இல் இதையும் ஆராய்ந்தது. தலைமை வேலையை நான்காகப் பிரித்தார்கள். ஆட்டத்தில் வழிகாட்டுவது, உற்சாகப்படுத்துவது, வெளியே எல்லோரையும் சேர்த்துவைப்பது, நிர்வாகத்திடமும் மற்றவர்களிடமும் பேசுவது. இந்த நான்கில் ஒன்றில்கூட எங்கள் கேப்டன் முதலிடத்தில் இல்லை என்று கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொன்னார்கள்.

ஆகவே வாய் திறக்காத கேப்டனை மாற்றாதீர்கள். சத்தம் போட வேறொருத்தி இருப்பாள், அவளிடம் அந்த வேலையைக் கொடுங்கள். எங்கள் டீமில் அது லிபரோ, பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே நிற்பவள். ஐந்தடிகூட இருக்க மாட்டாள், நெட்டுக்கு மேலே அவளுக்கு வேலையே கிடையாது. குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும்.

8. "நல்லா ஆடிக்கிட்டே இருக்காங்க, திடீர்னு ஆறு பேரும் ஒண்ணா சொதப்புறாங்க. அது எப்படி?"

நம்பிக்கை தொற்றுகிற மாதிரியே பயமும் தொற்றும், இன்னும் வேகமாக. 2014 உலகக் கோப்பை கால்பந்து அரையிறுதி, ஜூலை 8, பெலோ ஹொரிசோன்டே. சொந்த மண்ணில் பிரேசில் ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றது. 23ஆம் நிமிடத்திலிருந்து 29ஆம் நிமிடத்துக்குள் நான்கு கோல். ஆறு நிமிடத்தில் யாருக்கும் கால்பந்து மறந்துபோவதில்லை. அந்த ஆறு நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். தடுப்பாட்டக்காரர்கள் பந்தைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் ஓடுகிற எதிரணிக்காரரைப் பார்ப்பதில்லை. யாராவது போவார்கள் என்று எல்லோரும் நிற்கிறார்கள். நெய்மார் முதுகெலும்பில் அடிபட்டு வெளியே, கேப்டன் தியாகோ சில்வாவுக்குத் தடை. தேசியகீதம் பாடும்போது நெய்மாரின் ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாசம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இல்லாதவரை நினைத்துக்கொண்டே ஆட இறங்கியதாகத்தான் எனக்குப் படுகிறது.

வாலிபாலில் இதற்கு ஒரே மருந்து வேகத்தைக் குறைப்பது. ஒரு செட்டில் இரண்டு டைம் அவுட் உண்டு, ஒவ்வொன்றும் 30 வினாடி. இரண்டு பாயிண்ட் தொடர்ந்து போனதுமே ஒன்றை எடுத்துவிடுவேன். ஐந்து போன பிறகு எடுத்தால் அது டைம் அவுட் இல்லை, துக்கம் விசாரிப்பது.

9. "ஒரு தடவை அசிங்கமா தோத்துட்டா அந்த டீம் அவ்வளவுதானா?"

அடிலெய்டு, 2020 டிசம்பர் 19. இந்திய டெஸ்ட் அணி 36 ரன்னுக்கு ஆல் அவுட். கேப்டன் கோலி ஊருக்குத் திரும்புகிறார், ஷமிக்குக் கை உடைந்தது. ஒரு வாரம் கழித்து மெல்பர்னில் ரஹானே தலைமையில் இறங்கி முதல் நாளே ஆஸ்திரேலியாவை 195க்குச் சுருட்டினார்கள், எட்டு விக்கெட்டில் ஜெயித்தார்கள். சிட்னியில் விஹாரியும் அஸ்வினும் அடிபட்ட உடம்போடு நின்று டிரா செய்தார்கள். கடைசியாக பிரிஸ்பேன். 1988க்குப் பிறகு அதுவரை அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா டெஸ்ட் தோற்றதே இல்லை. முக்கியப் பந்துவீச்சாளர்கள் எல்லாம் காயத்தில். சின்னப்பம்பட்டி நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் அங்கேதான் முதல் டெஸ்ட் ஆடினார்கள். 186க்கு 6 என்று கிடந்தபோது வாஷிங்டனும் ஷர்துல் தாக்கூரும் 123 ரன் சேர்த்தார்கள். ஜனவரி 19இல் 328ஐத் துரத்தி மூன்று விக்கெட்டில் ஜெயித்தது இந்தியா.

36ஐ மறந்ததால் இது நடந்தது என்று நினைக்கவில்லை. மெல்பர்னில் கிடைத்த அந்த முதல் நாள்தான் மருந்து. தோல்விக்குப் பிறகு டீமுக்கு ஆறுதல் சொல்வதைவிட, சீக்கிரம் ஒன்றைச் சேர்ந்து செய்யவைப்பது நல்லது. டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பெண்கள் ஹாக்கி அணியும் முதல் மூன்று ஆட்டம் தோற்றது. பிறகு அயர்லாந்தை 1-0, தென்னாப்பிரிக்காவை 4-3, காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0. அயர்லாந்து ஆட்டம் சின்னதாகத் தெரியலாம். என் கணக்கில் அதுதான் பெரிசு.

10. "ரொம்ப நம்பிக்கை வந்தா ஓவர் கான்ஃபிடன்ஸ் ஆகிடாதா?"

ஆகலாம். ஆனால் நாம் ஓவர் கான்ஃபிடன்ஸ் என்று சொல்வது பல சமயம் பெயரின்மேல் வைத்த நம்பிக்கை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கூடைப்பந்து அணி முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 73-92 என்று தோற்றது, கடைசியில் வெண்கலம். ஆளுக்கு ஆள் நட்சத்திரம், சேர்ந்து ஆடிய நாட்கள் குறைவு. தங்கம் வாங்கிய அர்ஜென்டினாவில் பல வருடம் ஒன்றாக ஆடிப் பழகியவர்கள் இருந்தார்கள்.

"ஜெயிச்சிடுவோம்" என்று டீம் சொன்னால் எனக்குக் கொஞ்சம் உதறும். "எப்படி?" என்று கேட்பேன். பதில் வந்தால் சரி. சிரிப்பு வந்தால் அன்றைக்குப் பயிற்சி அரைமணி நேரம் கூடும்.

11. "டீமை நம்பிட்டு ஆளாளுக்கு வேலையைக் குறைச்சுக்க மாட்டாங்களா? அவ பாத்துப்பான்னு?"

இது கெட்டிக்காரக் கேள்வி. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் நூறு வருடத்துக்கு முன்னாலேயே கயிறு இழுக்கவைத்துப் பார்த்தார். ஆள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கும் அளவு குறைந்தது. ஒரே நேரத்தில் இழுக்காததால் குறைந்திருக்கலாம் என்றார்கள். 1974இல் சிலர் ஒருவர் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுப்பதாக நம்பவைத்துத் தனியாக இழுக்கவிட்டார்கள். அப்போதும் குறைத்துத்தான் இழுத்தார்.

அதற்காக நம்பிக்கையைக் குறைக்க வேண்டாம், வேலையைப் பெயர்போட்டுக் கொடுங்கள். நடுவில் விழும் பந்து யாருடையது என்று எங்கள் டீமில் ஒவ்வொரு ரொட்டேஷனுக்கும் (ஆறு பேரும் சுற்றி இடம் மாறி நிற்கும் வரிசை) தீர்மானம் உண்டு. "அவ பாத்துப்பா" என்ற நினைப்பு, அந்த "அவ" யார் என்று தெரியாத இடத்தில்தான் ஆளைக் கெடுக்கும்.

12. "இதையெல்லாம் அளக்க முடியுமா சார், இல்ல சும்மா பேச்சா?"

முடியும். 2005இல் விளையாட்டு அணிகளுக்கென்றே 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் வந்தது. திறமை, முயற்சி, விடாப்பிடி, தயாரிப்பு, ஒற்றுமை என்று ஐந்து பிரிவு. நான் அவ்வளவு தூரம் போவதில்லை. பெரிய போட்டிக்கு முந்தைய நாள் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு, பெயர் எழுத வேண்டாம். "நாளைக்கு நம்ம டீம் அவங்க சர்வீஸை எடுக்குமா? பத்துக்கு எத்தனை?" என்று மூன்று நான்கு கேள்வி. சராசரியைவிட வித்தியாசத்தைத்தான் பார்ப்பேன். எல்லோரும் 6 போட்டால் கவலையில்லை. மூன்று பேர் 9, மூன்று பேர் 3 என்றால் அது ஒரு டீம் இல்லை, இரண்டு டீம்.

13. "ஒருத்தி மட்டும் 'நாம தோத்துடுவோம்'னு சொல்லிக்கிட்டே இருக்கா. நீக்கிடலாமா?"

முதலில் அவள் சொல்வது சரியா என்று பாருங்கள். பலமுறை சரியாகத்தான் இருக்கும். "அவங்க ஐந்தாம் நம்பருக்கு நம்மகிட்ட பிளாக் இல்ல" என்கிறவள் உங்களுக்கு வேலை மிச்சம் செய்கிறாள். தோளைத் தொங்கப்போட்டு, கண்ணை உருட்டி, பெருமூச்சு விடுகிறவள் வேறு. பெல்ஜியத்தில் செய்த கூடைப்பந்துச் சோதனை ஒன்றில், தலைமை ஏற்ற ஆளை வேண்டுமென்றே சில அணிகளில் நம்பிக்கையோடும் சில அணிகளில் நம்பிக்கையில்லாமலும் நடந்துகொள்ளச் சொன்னார்கள். நம்பிக்கையோடு நடந்துகொண்ட இடத்தில் மற்றவர்களின் நம்பிக்கையும் அதிகமாக இருந்தது. ஆகவே சந்தேகத்தை எனக்குச் சொல்லலாம், டைம் அவுட்டில் சொல்லலாம், உடம்பால் சொல்லக்கூடாது. இது எங்கள் டீமில் எழுதிவைத்த விதி.

14. "தோத்துக்கிட்டே இருக்கும்போது 'நம்மால முடியும்'னு சொல்றது பொய்தானே சார்?"

ஆமாம், பல சமயம் பொய்தான். 8-20 என்று இருக்கும்போது "ஜெயிச்சிடலாம்" என்றால் அந்தப் பிள்ளைகள் அடுத்த முறை நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்பாது. அதனால் அந்த வார்த்தையையே நான் சொல்வதில்லை. போன வருடம் அதே 8-20இல் டைம் அவுட் எடுத்தேன். ஆறு பேரும் தலையைக் குனிந்து வந்தார்கள். "அவங்க நாலாம் நம்பர் முட்டி போடாம எடுக்குறா. அடுத்த சர்வீஸை அவகிட்ட தாழ்வாப் போடு. திரும்பி வர்ற பந்து நடுவுல விழும், அது மூணாம் நம்பரோடது" என்றேன். வேறொன்றும் பேசவில்லை. போட்டாள், வந்தது, மூன்றாம் நம்பர் அடித்தாள். 9-20. செட் 25-14 என்று போனது. அடுத்த செட்டுக்குக் கோட்டுக்குள் போகும்போது அந்த மூன்றாம் நம்பர்தான் கேட்டாள்: "சார், நாலாம் நம்பர் இன்னும் உள்ளதான் இருக்காளா?"